சும்மா நிற்கும் உரிமை



ஞாயிறு மாலை பல்லடம் பேருந்து நிலையத்திலும் பேக்கரி வாசலிலும் பிள்ளைகள் கூட்டமாக நிற்பார்கள். ‘வெட்டிப் பயலுக’ என்கிறது ஊர். வேறெங்கே போவார்கள்? டீக்குக் காசு கொடுத்தால்தான் உட்காரவே முடிகிறது. மில் விடுதிப் பெண்கள் பலருக்கு வெளியே வரவே வார்டன் துணை வேண்டும்.

“எந்த ஊரு, யாரு பையன்?” என்று கேட்பவர் தெருவைக் கேட்கிறார். தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும்.

2015 ஜூன் 23, திருச்செங்கோடு. கோகுல்ராஜ் தன்னோடு படித்த பெண்ணுடன் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கடத்திக் கொன்று தண்டவாளத்தில் போட்டார்கள். 2016 மார்ச் 13, நம் மாவட்டத்து உடுமலை. பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். இரண்டு இடத்திலும் கேமரா இருந்தது. வழக்குக்கு உதவியது, உயிருக்கு உதவவில்லை.

போலீஸ்? 2024 ஜனவரியில், சாதி மறுத்துத் திருமணம் செய்த 19 வயதுப் பெண்ணைத் தந்தையோடு அனுப்பிவைத்தது இதே பல்லடம் காவல் நிலையம். மறுநாள் அவர் உயிரோடு இல்லை.

அதனால் ‘பிள்ளைகள் பாதுகாப்புக்கு’ என்று இன்னும் நாலு கேமரா, ரோந்து கேட்காதீர்கள். நகராட்சியிடம் காசில்லாமல் உட்கார பெஞ்சு கேளுங்கள். ஞாயிறு மாலையும் திறந்திருக்கும் நூலகம், விளக்கெரியும் மைதானம், பெண்களுக்குக் கழிப்பறை கேளுங்கள். மனு மேசைமேல் இருக்கிறது.