விடுதியில் பழகிய வோல்ட்ஸ்

(நூற்றாண்டு இராப்போசன விருந்தில், நடனம் தொடங்குமுன், முன்னாள் விடுதி மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சாப்பாட்டுக்கும் நடனத்துக்கும் இடையில் பத்து நிமிடம் கதைக்கும்படி எங்களைக் கேட்டிருக்கிறார்கள். போல்ரூம் நடனத்தின் வரலாறும் அடிப்படையும் என்பது தலைப்பு. விடுதியில் இருந்த எங்களுக்கு அது வரலாறாக வந்து சேரவில்லை. சனிக்கிழமை இரவுகளில், படிப்பு மண்டபத்து மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கீறல் விழுந்த றெக்கோட்டுக்கு ஆடிப் பழகினோம். உயரமானவர்களுக்கு ஆண் பாகம், கட்டையானவர்களுக்குப் பெண் பாகம். இந்த விதியை யார் போட்டார்களோ, ஒருவரும் மறுத்துக் கதைக்கவில்லை. இரண்டு உலகப் போர்க் காலத்திலும் இங்கிலாந்தின் நடன மண்டபங்களில் பெண்கள் பெண்களோடும் ஆடினார்கள் என்று பின்னாளில் வாசித்தபோது, எங்களுக்கும் ஒரு மரபு இருக்கிறதென்று சந்தோசப்பட்டோம்.

'போல்' என்பதற்கும் பந்துக்கும் தொடர்பில்லை. ஆடுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. எங்கள் கலியாண வீடுகளில் கேட்கும் பைலாவும், போர்த்துக்கேயர் வழியாக வந்த அதே சொற்குடும்பம்தான்.

வோல்ட்ஸ் ஒஸ்திரியாவிலும் தென் ஜேர்மனியிலும் கிராமத்தார் ஆடிய சுழல் நடனங்களிலிருந்து பிறந்தது. அதற்கு முன் பிரபுக்கள் ஆடிய மினுவெட்டில் கைவிரல் தொட்டால் போதும். வோல்ட்ஸிலோ இருவர் நேருக்கு நேர் நின்று, அணைத்துப் பிடித்துச் சுழன்றார்கள். 1816இல் லண்டனில் இளவரசர் அளித்த விருந்தில் இதை ஆடியபோது, 'த டைம்ஸ்' பத்திரிகை பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களை எச்சரித்து எழுதியது. ஏறத்தாழ 150 வருடம் கழித்து, எங்களில் ஒருத்தியின் தகப்பனாரும் அதே எச்சரிக்கையை விடுதிக்குக் கடிதமாக அனுப்பினார். அவள் ஒரு தவணை முழுவதும் கதிரையில் இருந்து றெக்கோட் மாற்றினாள்.

பிறகு புவெனஸ் அயர்ஸிலிருந்து டாங்கோ வந்தது. 1914 அளவில் அமெரிக்காவிலிருந்து பொக்ஸ்ற்றொட் வந்தது. இவற்றுக்கெல்லாம் அளவும் இலக்கணமும் வகுத்தவர்கள் ஆங்கிலேய நடன ஆசிரியர்கள். 1922இல் உலகப் போட்டியில் வென்ற விக்டர் சில்வெஸ்டர், பின்னர் தாளத்தின் வேகம் சற்றும் மாறாத நடன இசைக்கென்றே ஒரு வாத்தியக் குழுவை நடத்தினார். எங்கள் விடுதி றெக்கோட்டுகளில் பாதி அவருடையவை.

இனி அடிப்படை. வோல்ட்ஸுக்கு மூன்று எண்ணிக்கை, முதலாவது அழுத்தமானது. ஆண் பாகம் இடது காலை முன்னே வைக்க, பெண் பாகம் வலது காலைப் பின்னே வைக்கும். இரண்டுக்குப் பக்கத்தில் ஓர் அடி. மூன்றுக்குக் கால் சேர்ப்பு. அப்போது குதி எழும்பியிருக்கும், அந்த எண்ணிக்கை முடியும்போது இறங்கும். பிறகு மற்றக் காலால் தொடங்க வேண்டும். பிழை வருவது பெரும்பாலும் மூன்றில்தான். காலைச் சேர்க்கிறோம், உடற்பாரத்தை அந்தக் காலுக்கு மாற்ற மறந்துவிடுகிறோம். அடுத்த அடிக்கு எந்தக் கால் என்று தெரியாமல் நிற்கிறோம். எல்லோரும் மண்டபத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவார்கள். தயவுசெய்து காலைப் பார்க்காதீர்கள்.

ஆண் பாகம்தான் கடினமானது என்று அந்தக் காலத்தில் நினைத்திருந்தோம். எங்களுள் மிக உயரமானவள் ஐந்து வருடமும் ஆண் பாகமே ஆடினாள். 83க்குப் பிறகு மூன்று பிள்ளைகளோடு கனடா போனாள். கணவர் காலமான பின், ரொறன்ரோவில் முதியோருக்கான நடன வகுப்பில் சேர்ந்தாள். அங்கே அவளைப் பெண் பாகத்தில் நிறுத்தினார்கள். எதிரே நின்ற பெரியவரை இரண்டு தரம் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டாளாம். அன்றிரவு தொலைபேசியில், "எடியே, எனக்குப் பின்னுக்கு நடக்கத் தெரியேல்லை" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு கனநேரம் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

பின்னோக்கி நடக்கிறவளுக்குப் போகுமிடம் தெரியாது. முதுகில் உள்ள கையும், முன்னால் நிற்பவரின் உடல் அசைவும் சொல்வதைக் கேட்டு, அந்தக் கணத்திலேயே பாரத்தை மாற்ற வேண்டும். அதை முந்திக்கொண்டாலும் பிழை, தொங்கிக்கொண்டு இழுபட்டாலும் பிழை. எங்கள் கட்டையர்கள் இதையெல்லாம் 15 வயதிலேயே செய்தார்கள். ஒருநாளும் அவர்களை மெச்சியதில்லை.

அவள் இன்று மூன்றாம் மேசையில் இருக்கிறாள். போன கிழமை முழுவதும் எங்களில் ஒருத்தியின் வீட்டு விறாந்தையில், நாலடி பத்து அங்குலக்காரி முன்னே நடத்த, இவள் பின்னுக்கு நடந்து பழகினாள். இரண்டு பூச்சாடி உடைந்தது.

முதல் இசை வோல்ட்ஸ். சப்பாத்து மாற்ற இரண்டு நிமிடம் உண்டு. றப்பர் அடி தரையைப் பிடித்து முழங்காலைத் திருகும். தோல் அடி உள்ளதைப் போடுங்கள். துணை இல்லையென்று இருந்துவிடாதீர்கள், பக்கத்துக் கதிரையைப் பாருங்கள். மூன்றாம் மேசைக்காரி ஏற்கெனவே எழும்பிவிட்டாள்.