தண்ணீருக்குத் தீட்டு உண்டா?

(மலைக்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவு)



பூமிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றி வருகிறது. அங்கே கிணறும் இல்லை, காவிரியும் இல்லை. குடிக்கும் தண்ணீர் முழுவதையும் ராக்கெட்டில் ஏற்றி அனுப்புவதென்றால் கட்டுப்படியாகுமா? ஆகவே, அங்குள்ளவர்கள் தங்கள் மூத்திரத்தையும், வேர்வையையும், மூச்சில் வரும் ஈரத்தையும் பிடித்துச் சுத்தம் செய்து குடிக்கிறார்கள்.

முகம் சுளிக்காமல் கேளுங்கள். இதற்கான யந்திரம் 2008-இல் மேலே போயிற்று. 2009-இல் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். மூத்திரத்தைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தில் காய்ச்சி வடிக்கிறார்கள். பிறகு வடிகட்டுகிறார்கள்; மிச்ச அழுக்கைச் சூட்டினால் போக்குகிறார்கள்; கிருமி வளராதிருக்க அயோடின் சேர்க்கிறார்கள். 2023-இல் நூற்றுக்கு 98 பங்கு தண்ணீரை மீட்டுக் காட்டினார்கள். இதில் மந்திரம் உண்டா? தர்ப்பை உண்டா?

“இருந்தாலும் அசுத்தமல்லவா?” என்பார் வைதீகர். அவரைக் கேட்கிறேன்: மழை எங்கிருந்து வருகிறது? சமுத்திரத்திலும் சாக்கடையிலும் உள்ள நீரை வெயில் ஆவியாக்க, அதுதான் மேகமாகி மழையாகிறது. அந்த மழைதான் காவிரி. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் தீர்த்தமென்று தலையில் தெளித்துக் கொள்ளும் தண்ணீர், இதற்கு முன் எத்தனை பேர் வயிற்றுக்குள் போய் வந்ததோ!

இன்னொன்று கேளுங்கள். பம்பாய் மாகாணத்து மகாத் என்ற ஊரில், 1927 மார்ச் 20-இல், தோழர் அம்பேத்கர் அவர்கள் ஆயிரக்கணக்கான மக்களுடன் சென்று பொதுக்குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆடு மாடு குடித்தபோது கெடாத குளம், மனிதன் குடித்ததால் தீட்டாகிவிட்டதாம்! அதைச் ‘சுத்தம்’ செய்ய வைதீகர்கள் என்ன ஊற்றினார்கள் தெரியுமா? சாணியும் மாட்டு மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து 108 குடம்! அங்கே விஞ்ஞானி மூத்திரத்தைக் குடிநீராக்குகிறான். இங்கே வைதீகன் குடிநீரில் மூத்திரத்தை ஊற்றிவிட்டுச் சுத்தமாயிற்று என்கிறான். இவ்விருவரில் யாருக்குப் புத்தி உண்டு? அந்தக் குளத்தின் உரிமை நியாயஸ்தலத்தில் உறுதியாவதற்கு 1937 வரை பத்து வருஷம் ஆயிற்று.

தோழர்களே! இன்றும் எத்தனையோ கிராமங்களில் டீக்கடையில் தனிக் குவளை இருக்கிறது. தண்ணீரைக் கெடுப்பது கிருமியும் நஞ்சுமே தவிர, எந்தச் சாதியானின் கையும் அல்ல. ஆகவே, வீட்டில் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். உங்கள் ஊர்த் தொட்டியைக் கழுவினார்களா, தண்ணீரைச் சோதித்தார்களா என்று அதிகாரியைக் கேளுங்கள். தனிக் குவளை வைத்திருக்கும் கடையில் நாளை முதல் டீ குடிக்காதீர்கள்.