தாய் சொன்ன கணக்கும் அட்டவணை சொல்லும் கணக்கும்

பிறப்பும் இறப்பும் ஒழுங்காகப் பதியப்படாத நாட்டிலே, ஒரு வயது நிரம்பு முன் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு எத்தனை என்பதை அறிவது எங்ஙனம்? வில்லியம் பிராஸ் என்னும் பிரித்தானிய அறிஞர், 1960 ஆம் ஆண்டுகளில், ஆபிரிக்க நாடுகளை மனத்திற்கொண்டு ஒரு வழி வகுத்தார். எத்தனை பிள்ளைகளைப் பெற்றீர்கள், எத்தனை பேர் உயிரோடிருக்கின்றனர் என்று தாய்மாரை வினவினாற் போதும். எப்போது இறந்தனர் என்று கேட்க வேண்டியதில்லை. பிள்ளையை இழந்தவளிடம் தேதி கேட்பது எளிதுமன்று.

20 முதல் 24 வயது வரையுள்ள தாய்மாரின் பிள்ளைகளில் இறந்தோரின் விகிதம், சிறு திருத்தத்தின் பின், இரண்டு வயதுக்குள் இறக்கும் வாய்ப்பைக் காட்டும். 30 முதல் 34 வயதினர் தரும் விகிதம் ஐந்து வயதுக்குரியது. ஒரு வயதுக்குரிய எண்ணை இருபது வயதுக்குட்பட்ட தாய்மாரே தரவேண்டும். அவர்களோ தொகையிற் சிலர். பெற்றவையும் பெரும்பாலும் தலைப்பிள்ளைகள். இளந்தாய்மாரின் தலைப்பிள்ளைகள் மற்றையவற்றிலும் மிகுதியாக இறக்கின்றன. ஆதலால் அவ்வெண்ணை எவரும் நம்புவதில்லை. மேல் வயதுக் கணக்கிலிருந்து கீழே இறங்கி வரவேண்டியதாகின்றது. ஐந்து வயதுக்குள் நூறு பேர் இறந்தனர் என்றால், அவர்களுள் தொட்டிலில் இறந்தோர் எத்தனை பேர்? அதைச் சொல்வது மாதிரி ஆயுள் அட்டவணை.

கோல், டெமனி என்னும் இருவர் 1966 இல் வெளியிட்ட அட்டவணைகள் நான்கு வகையின. பெரும்பாலும் ஐரோப்பியப் பதிவுகளிலிருந்து எழுந்தவை. சுவீடன், நோர்வே முதலிய நாடுகளைக் கொண்ட 'வடக்கு' வகையில், முதலாண்டு மரணம் ஒப்பளவிற் குறைவு. அடுத்த நான்காண்டுகளில் மிகுதி. 'கிழக்கு' வகை இதற்கு மறுதலை. வேறொன்றும் தெரியாதவிடத்து 'மேற்கு' வகையைக் கையாள்வது வழக்கமாயிற்று. வழக்கம் வேறு, சான்று வேறு.

செனகல் நாட்டில் நியாகார் என்னும் பகுதியில், 1962 முதல் ஆய்வாளர் வீடு வீடாகப் பிறப்பு இறப்புகளைப் பதிந்து வந்தனர். அங்கே முதலாண்டைக் கடந்த பிள்ளைகளே பெருந்தொகையாக மடிந்தனர். 'வடக்கு' வகைக்குள்ளும் அந்நிலை முற்றாக அடங்கவில்லை. அத்தகைய ஊருக்கு 'மேற்கு' அட்டவணையைப் பொருத்தினால், இரண்டு மூன்று வயதில் இறந்த பிள்ளை ஏட்டிலே கைக்குழந்தையாக இறந்துவிடும். அதைப் பார்க்கும் சுகாதாரப் பகுதியினர் மருத்துவச்சிகளை அனுப்புவர். தளர்நடைப் பருவத்துப் பிள்ளைகளைக் கொள்ளும் சின்னமுத்தும் மலேரியாவும் கவனிப்பாரின்றித் தொடரும்.

ஐக்கிய நாடுகள் தாபனம் 1982 இல் வளர்முக நாடுகளுக்கென ஐந்து வகைகளை வெளியிட்டது. தெற்காசியாவுக்கு ஒன்றுண்டு, ஆபிரிக்காவின் பெயரால் ஒன்றுமில்லை. எனவே அயலிலே நேரடிப் பதிவு சிறிதளவாயினும் உண்டா என்று தேடி, அதற்கிசைந்த வகையைத் தெரிவதே தக்கது. ஐந்து வயதுக்குரிய எண், எவ்வகையைக் கொள்ளினும் பெரிதும் மாறுவதில்லை. அதனையே முதலில் வெளியிடலாம். ஒரு வயது எண்ணை வெளியிடுவோர், எந்த அட்டவணையால் அதைப் பெற்றனர் என்பதையும் பக்கத்திலேயே அச்சிடல் வேண்டும்.