பாய்ப்படகின் சுக்கான் சக்கரம்



படகின் பின்புறத்தில் பெரிய சக்கரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு மாலுமி நிற்பதைப் படங்களில் கண்டிருப்பீர்கள். சக்கரத்தைத் திருப்பினால் படகு திரும்பும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் அச்சக்கரம் நீரைத் தொடுவதில்லை. நீரில் அமிழ்ந்து நின்று படகைத் திருப்புவது சுக்கான். இரண்டிற்கும் இடையே, தளத்தின் கீழே, எவர் கண்ணிலும் படாத ஒரு தொடர்பு உண்டு. பழைய படகொன்றில் அத்தொடர்பைச் சோதித்துப் பேணுவது எங்ஙனம் என்பதைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

நான் பௌதிகம் கற்பித்தவன், கடலோடி அல்லேன். வணிகக் கப்பல்களில் பொறியாளராக இருந்த என் பழைய மாணவர் ஒருவர், கொச்சியில் 35 அடி நீளமுள்ள பாய்ப்படகு ஒன்றை வாங்கினார். கண்ணாடியிழையால் ஆன அப்படகின் வயது 40-ஐத் தாண்டியிருந்தது. அவர் அதைச் செப்பனிட்ட நாட்களில், விளக்கைப் பிடித்துக்கொண்டு அருகிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

அமைப்பு எளியதே. சக்கரத்தின் அச்சு ஒரு தூணின் தலைப்பில் பொருந்தியுள்ளது. அவ்வச்சில் சிறு பற்சக்கரம் ஒன்று. அதன்மேல் மிதிவண்டியில் நாம் காண்பது போன்ற ஒரு சங்கிலித் துண்டு. சங்கிலியின் இரு முனைகளிலும் எஃகுக் கம்பிவடம் இணைக்கப்பட்டுத் தூணின் உட்புறமாகக் கீழிறங்குகின்றது. அங்கே கப்பிகளைச் சுற்றிப் பின்பக்கம் சென்று, சுக்கான் தண்டின்மேல் இறுக்கப்பட்டுள்ள கால்வட்ட வடிவான உலோகத் துண்டின் இரு புறமும் பிணைக்கப்படுகின்றது.

இதில் உங்கள் நெம்புகோல் பாடம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. சக்கரத்தின் ஆரம் 45 சென்டிமீட்டர், பற்சக்கரத்தின் ஆரம் 5 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மாலுமி சக்கரத்தின் விளிம்பில் 5 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தினால், கம்பியில் தோன்றும் இழுவிசை 45 கிலோ எடைக்குச் சமமாகும். தன் கையில் இலேசாக இருப்பது கம்பிக்கும் இலேசாகவே இருக்கும் என்று மாலுமி எண்ணிவிடலாகாது. மேலும், பேரலை ஒன்று சுக்கானை மோதும்போது சுமை எதிர்வழியாக வருகின்றது. அப்போது முதல் அடியை ஏற்பவை கால்வட்டமும் கம்பியும் கப்பிகளுமேயாம்.

ஆதலால் சோதனையைப் பளபளக்கும் சக்கரத்தில் தொடங்குவதில் பயனில்லை. பின்னறையின் சிறு கதவைத் திறந்து, உடலைக் குறுக்கி உள்ளே ஊர்ந்து செல்லவேண்டும். முதலில் கம்பிவடத்தை நோக்குவோம். இவ்வகை வடத்தில் 7 புரிகள். ஒவ்வொரு புரியிலும் 19 இழைகள். ஆக 133 இழைகள். கப்பியின்மேல் வளைந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் இழைகள் சிறிது களைப்புறுகின்றன. மெல்லிய கம்பியைப் பன்முறை வளைத்து ஒடித்த சிறுவர் எவருக்கும் இது விளங்கும். அறுந்த இழையின் முனை தூண்டில் முள் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கையால் தடவினால் குருதி வரும். மெல்லிய தாளை நாலைந்தாக மடித்து, அதில் சில துளி எஞ்சின் எண்ணெய் விட்டு, வடத்தின் நெடுகத் துடைத்துச் செல்லவேண்டும். தாள் கிழிந்து சிக்கும் இடத்தில் இழை அறுந்திருக்கின்றது. சோதனையும் எண்ணெயிடுதலும் ஒரே வேலையில் முடிகின்றன. இம்முறையை நான் மிகவும் வியந்தேன். ஓரிழை அறுந்திருப்பினும் வடத்தை மாற்றிவிடுவதே நன்று. பழுது காணாவிடினும் ஐந்தாண்டுக்கொருமுறை மாற்றுவது நல்ல வழக்கம்.

சங்கிலிக்கும் எண்ணெயே உகந்தது. கிரீஸ் கெட்டியாகையால் கண்ணிகளின் உட்புறம் செல்லாது. வெளியே அப்பிக்கொண்டு அழுக்கைச் சேர்க்கும்.

அடுத்துக் கப்பிகள். கப்பியின் கீழே உலோகத் துகள் சிந்தியிருந்தால், வடம் நேர்கோட்டில் ஓடாமல் பள்ளத்தின் ஓரத்தை அராவுகின்றது என்று பொருள். இதைத் தனியாளாகக் காண்பது அரிது. ஒருவர் மேலே சக்கரத்தை வலிந்து திருப்ப, மற்றவர் உள்ளே படுத்து, சுக்கானை அசையாமல் பிடித்தபடி கப்பி திருகப்பட்டுள்ள பலகையை உற்றுநோக்க வேண்டும். என் மாணவரின் படகில் கப்பி நன்றாயிருந்தது. பலகைதான் ஈரத்தில் ஊறி நெகிழ்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் மேலெழுந்து அமர்ந்தது. துறைமுகத்தின் அமைதியில் அது ஒரு விரற்கடை அளவே. கடற்கொந்தளிப்பில் அது பெயர்ந்துவிட்டால் வடம் தளர்ந்து பள்ளத்தினின்று நழுவிவிடும்.

வடத்தின் இறுக்கத்தை அறிய ஒரு வழியுண்டு. சக்கரத்தை அசையாமல் கட்டிவிட்டுக் கால்வட்டத்தைக் கையால் ஆட்டிப் பார்க்கவேண்டும். அது அசைந்தால் வடம் தளர்ந்திருக்கின்றது. அதற்காக வீணைத் தந்தி போல் முறுக்கினாலோ, சக்கரம் கனத்து, நீரின் போக்கை மாலுமியின் கை உணராது போகும்.

துருப்பிடியாத எஃகு என்ற பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். அதன் மேலுள்ள குரோமிய ஆக்சைடுப் படலமே அதற்குக் காவல். அப்படலம் நிலைக்கப் பிராணவாயு வேண்டும். வடத்தின் முனையைக் கவ்வியுள்ள இடுக்குகளில் உப்புநீர் தேங்கிக் காற்றுப் புகாதிருந்தால், அங்கே அரிப்புத் தொடங்கும். பழுப்புக் கறை அதன் அறிகுறி. அலுமினியக் கால்வட்டமும் எஃகு மரையாணியும் உப்புநீரில் சேரும் இடத்தில் வெண்பொடி தோன்றுவது மின்கல வினையால். அங்கே தேய்வது அலுமினியம்.

புதிய படகுக்கும் இத்துன்பம் வருவதுண்டு. நம் கடற்படையின் பெண் அதிகாரிகள் அறுவர், 2017 செப்டம்பரில் ‘தாரிணி’ என்னும் பாய்ப்படகில் கோவாவிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் அப்படகு கடற்படையில் சேர்க்கப்பட்டிருந்தது. 2018 ஏப்ரலில், தாயகம் திரும்பும் கடைசிக் கட்டத்தில், சுக்கானை இயக்கும் அமைப்பில் பழுது நேர்ந்தது. மொரீசியசின் போர்ட் லூயி துறைமுகத்தை அடைந்து, அதைச் சரிசெய்துகொண்டு, மே மாதம் அவர்கள் கோவா வந்து சேர்ந்தனர்.

நெடுங்காலத்துக்கு முன், 1805-ஆம் ஆண்டு டிரபால்கர் போரில், நெல்சனின் ‘விக்டரி’ கப்பலின் சக்கரம் பீரங்கிக் குண்டால் சிதறுண்டது. மாலுமிகள் கீழ்த்தளத்தில் சுக்கானின் பிடியை நேரே இயக்கிக் கப்பலைச் செலுத்தினர். இன்றைய படகுகளிலும் இதற்காகவே ஓர் அவசரப் பிடி உண்டு. தளத்திலுள்ள சிறு மூடியைத் திறந்து, சுக்கான் தண்டின் தலையில் அதைச் செருகலாம். பழைய படகுகளில் அந்த மூடி துருவேறித் திறக்க வராமலிருப்பது மிகுதி. என் மாணவர் சுத்தியலால் தட்டித் தட்டி அதைத் திறப்பதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. பிடியைச் செருகிய பின்னர், அது சக்கரத் தூணில் இடித்து ஒரு பக்கம் திரும்ப மறுத்தது! பட்டறையில் கொடுத்து அதை வளைத்து வாங்கினார். காயலில் ஒரு காலைப்பொழுது முழுவதும் சக்கரத்தைத் தொடாமல் அதனைக்கொண்டே படகை ஓட்டிப் பார்த்தார். இப்போது அப்பிடி மூடிக்கு அருகிலேயே தொங்குகின்றது. மூடியைத் திறக்கும் திறவுகோலும் அதனுடன் கயிற்றால் கட்டப்பட்டிருக்கின்றது.