மண் கற்பித்த பாடம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மண்டபத்தின் வாயிலருகே ஒரு மேசையின்மேல் சுட்ட மண் உருவங்கள் சில வைக்கப்பட்டுள்ளன. உள்ளே வரும்போது அவற்றைப் பார்த்திருப்பீர்கள். சிலர் சிரித்தும் இருப்பீர்கள். சிரித்ததில் தவறில்லை. அவை நம் குடியிருப்புப் பிள்ளைகள் ஞாயிறுதோறும் காலையில் சிற்பம் பயின்றதன் விளைவுகள். பிள்ளைகளை அழைத்துச் சென்ற பெற்றோராகிய நாங்கள் சிலர், வெளியே வெயிலில் நிற்பானேன் என்று எண்ணி வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்தோம். அமர்ந்தவர்கள் கையிலும் ஆசிரியர் மண்ணைக் கொடுத்துவிட்டார். அன்று முதல் நாங்களும் மாணவரானோம். அங்கே கற்றதைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

முதல் நாளே நடராசரை வடித்துவிடலாம் என்னும் நினைவோடு போனவர்கள் நாங்கள். சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறோம்! ஆனால் அன்று எங்களுக்குக் கிடைத்த பணி மண்ணைப் பிசைவது ஒன்றே. மண்ணுக்குள் கல்லும் காற்றுக் குமிழியும் இல்லாதபடி, கையில் ஒட்டாமலும் வெடிக்காமலும் இருக்கும் பதம் வரும்வரை பிசைய வேண்டும். முறுக்குக்கு மாவு பிசைந்து பழகிய தாய்மார்கள் அரைமணி நேரத்தில் தேறிவிட்டார்கள். அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டும் ஆடவர்களாகிய எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

அதன்பின் ஆசிரியர் எங்கள்முன் ஒரு கத்தரிக்காயை வைத்து, இதைச் செய்யுங்கள் என்றார். எளிதென்று எண்ணிச் செய்தோம். நன்றாக வந்ததாகவே தோன்றியது. அவர் ஒன்றும் சொல்லாமல் பலகையைக் கால் வட்டம் திருப்பினார். முன்னிருந்து பார்க்கக் கத்தரிக்காயாய் இருந்தது, பக்கத்திலிருந்து பார்க்கத் தோசையாய் இருந்தது! நாங்கள் கண்டது ஒரு பக்கத்தை மட்டுமே. மற்றப் பக்கங்களைக் காணாமலே கண்டதாக நினைத்திருந்தோம். ஓவியத்திற்கு ஒரு முகம் போதும். முழு உருவச் சிற்பத்திற்கோ எத்திசையும் முகமே. சிற்பத்தின் முதற்பாடம் கைக்கு அன்று, கண்ணுக்கு என்பதை அன்று உணர்ந்தோம்.

அடுத்து யானை. தடித்த உடலைச் செய்து நான்கு கால்களின்மேல் நிறுத்தினோம். நாங்கள் தேநீர் அருந்தி வருவதற்குள் அது மண்டியிட்டுப் படுத்துவிட்டது. ஈரமண் தன் பாரத்தைத் தானே தாங்காது. உள்ளே கம்பியாலும் மரக்குச்சியாலும் ஓர் எலும்புக்கூடு வேண்டும். நிற்கும் உருவத்தின் வலிமை வெளியே தெரியாத அக்கூட்டிலேதான் இருக்கிறது என்று ஆசிரியர் விளக்கினார். மனித உருவம் செய்தபோதோ எல்லார் பொம்மையும் பெருந்தலையோடு பிறந்தது. வளர்ந்த மனிதரின் உயரம் அவர் தலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஏழரை மடங்கு என்று அவர் அளந்து காட்டினார். நம் ஸ்தபதிகள் பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்தில் உருவத்தின் உயரத்தை 124 பங்காக வகுத்து, ஒவ்வோர் உறுப்புக்கும் இத்தனை பங்கு என்று விதித்திருப்பதன் அருமை அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று நாம் பிறரைப் பார்த்து எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒருமுறை பிடித்துப் பார்த்தவர்கள் குரங்கையும் மதிப்பார்கள்.

உருவம் முடிந்தாலும் வேலை முடிவதில்லை. கம்பியோடு மண்ணைச் சூளையில் இடலாகாது. ஆகவே சுடுவதற்குரிய உருவங்களைக் கம்பியின்றித் தாழ்வாகவும் திண்மையாகவும் செய்து, சற்று இறுகியதும் உள்ளே குடைந்து, நிழலில் மெல்ல உலர்த்த வேண்டும். எங்களுள் அவசரக்காரர் சிலர், மேலே காய்ந்துவிட்டது, போதும் என்று சூளைக்கு அனுப்பினோம். உள்ளே எஞ்சிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றி உருவத்தையே பிளந்துவிட்டது. ஒரு மாத உழைப்பு ஓட்டாஞ்சில்லாய்த் திரும்பி வந்தது. பொறுமையைப் பற்றி எத்தனையோ அறவுரைகள் கேட்டிருக்கிறோம். அந்தச் சில்லுகள் சொன்னதுபோல் எதுவும் சொன்னதில்லை.

அன்பர்களே! இனி நாங்கள் சொல்லப்போவது எங்கள் தவறு. வேறு யாரோ செய்ததாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. எங்கள் வீட்டிலேயே நடந்தது. எங்கள் சிறுமி ஒரு குருவியைச் செய்து, ஈரத்துணி போர்த்தி வீட்டிற்குக் கொண்டுவந்திருந்தாள். கழுத்து ஒருபுறம் சாய்ந்திருந்தது, அலகு மழுங்கியிருந்தது. கண்காட்சியில் வைக்கப்போகிறார்களே, நாலுபேர் பார்ப்பார்களே என்னும் கவலையால், அவள் உறங்கியபின் நாங்கள் கழுத்தை நிமிர்த்தி அலகைக் கூர்மையாக்கி இறகிலும் கோடுகள் போட்டோம். மறுநாள் காலை அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். "அப்பா, இது என் குருவி இல்லை" என்றாள். அழவில்லை. இரு கைகளாலும் அதை அழுத்தி மீண்டும் மண்ணாக்கிவிட்டாள்.

ஆசிரியரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "அக்குருவி ஏன் கழுத்தைச் சாய்த்திருந்தது என்று குழந்தையைக் கேட்டீர்களா?" என்று மட்டும் வினவினார். கேட்டோம். எங்கள் சன்னலில் தினமும் வந்தமரும் குருவி, உள்ளே ஓசை கேட்டால் தலையைச் சாய்த்துப் பார்க்கும் என்றாள் அவள். அதே சன்னலருகே நாளேடு படிக்கும் நாங்கள் அதை ஒருநாளும் கண்டதில்லை. எது பிழை என்று நினைத்துத் திருத்தினோமோ அதுவே அவள் கண்ட உண்மை. மூன்று ஞாயிறுகளில் அவள் மறுபடி செய்த குருவி வாயில் மேசையில் இருக்கிறது. இப்போதும் அதன் கழுத்து சாய்ந்தே இருக்கிறது. அன்புகூர்ந்து யாரும் நிமிர்த்த வேண்டாம்!

இதனால் தேர்வில் மதிப்பெண் கூடுமா என்று நண்பர் சிலர் வினவுகின்றனர். கூடாது. ஆயினும், தான் கண்டதைத் தன் கையால் சொல்லவும், உடைந்தால் மீண்டும் தொடங்கவும் ஒரு குழந்தை கற்றுக்கொள்கிறது. அப்பழக்கத்திற்கு எப்பள்ளியிலும் தனித்தாள் வைப்பதில்லை.

நாம் வாழும் இத்தலைநகரிலேயே நமக்கு ஒரு பாடநூல் திறந்து கிடக்கிறது. சர்தார் பட்டேல் சாலையில், ஊரார் கியாரா மூர்த்தி என்று அழைக்கும் பதினொரு சிலைகளைப் பேருந்தில் போகும்போதெல்லாம் காண்கிறோம். காந்தியடிகள் முன்னே நடக்கப் பதின்மர் பின்தொடரும் அக்காட்சி, 2016-இல் செல்லாததாக்கப்பட்ட பழைய ஐந்நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்திலும் இருந்தது. நம் சட்டைப்பையிலேயே சுமந்து திரிந்தோம். அதை ஆக்கியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்கத்தில் பிறந்த அவர், 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராய் இருந்தவர். சென்னைக் கடற்கரையில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையும் அவர் படைப்பே. நம் ஊர்க் கடற்கரையில் பாறையை நகர்த்தும் நால்வரும், இங்கே நடக்கும் பதினொருவரும் ஒரே கைகளில் பிறந்தவர்கள். வங்காளி ஒருவர் தமிழ்நாட்டில் கற்பித்தார். தமிழ்ப்பிள்ளைகளாகிய நம் மக்கள் இங்கே இந்தி பேசும் ஆசிரியரிடம் கற்கிறார்கள். கலைக்கு இவ்வாறு ஊர்விட்டு ஊர் போகும் இயல்பு உண்டு, நம்மைப் போலவே.

விடுமுறையில் ஊர் செல்லும்போது மாமல்லபுரம் போகிறோம். யானையருகே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அடுத்தமுறை ஐந்து இரதங்களைப் பிள்ளைகளோடு சுற்றி வாருங்கள். மண்ணில் குறைந்ததை ஒட்டலாம். கல்லில் போனது போனதே. பல்லவர் காலத்துத் தச்சர்கள் பாறையின் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கி வந்ததை, அடிப்பகுதி முற்றுப்பெறாமல் நிற்கும் இடங்களில் இன்றும் காணலாம். கத்தரிக்காய்க்கே தடுமாறிய எங்களுக்கு, இனி அவற்றின்முன் பெருமை பேச நா எழாது, கைகள்தாம் குவியும். முன்னோர் புகழைப் பேசுவது எளிது. அவர்கள் தொழிலை ஒருபிடி மண்ணளவேனும் செய்து பார்ப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம்: இவ்வகுப்பு வரும் ஆண்டிலும் தொடர வேண்டும். பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம்: பிள்ளைகளை அனுப்புங்கள், நீங்களும் வந்து கடைசி வரிசையில் அமருங்கள். ஆனால் இரவில் அவர்கள் போர்த்திய ஈரத்துணியை மட்டும் விலக்காதீர்கள்.

நாடகத்திற்கு நேரமாயிற்று. வீடு திரும்புமுன் அம்மேசையை மீண்டும் ஒருமுறை பாருங்கள். முன்னால் நின்று பார்த்தால் போதாது, சுற்றிவந்து பாருங்கள்.