தெருக் காவல் குழுவுக்கு லத்தி வேண்டாம், பயிற்சி வேண்டும்!

(தருமபுரி மாவட்டத் தன்னார்வலர்கள் கூட்டத்தில் நமது ஐ.டி. விங் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஊருக்கு ஊர் இளைஞர்களும் போலீசும் சேர்ந்து குற்றத் தடுப்புக் குழு அமைக்கணும்னு நிறைய பேர் கேக்குறீங்க. நல்ல விஷயம்தான். ஆனா இது புதுசு இல்ல. 1993-ல ராமநாதபுரம் எஸ்.பி.யா இருந்த பிரதீப் வி.பிலிப் தொடங்கினதுதான் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்'. மக்களுக்கும் காவல்துறைக்கும் பாலமா இருக்கணும்ங்கிறதுதான் நோக்கம். தமிழ்நாடு முழுக்கப் பரவுச்சு.

2020 ஜூன்ல சாத்தான்குளம் ஜெயராஜ், பென்னிக்ஸ் கொடுமை நடந்துச்சு. அதுல இந்த அமைப்புக்காரங்க மேலயும் புகார் வந்துச்சு. ஜூலையில அரசே தடை போட்டுடுச்சு. 27 வருஷ உழைப்பு ஒரே மாசத்துல முடிஞ்சுபோச்சு. தன்னார்வலர் வேலை எங்க முடியுது, போலீஸ் வேலை எங்க தொடங்குதுன்னு கோடு போடாததோட விளைவு இது.

சரி, போலீஸ் இல்லாம நாமளே பாத்துக்கலாமா? 2018 மே மாசம் பக்கத்து திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயசு அம்மாவை, பிள்ளை பிடிக்கிறவங்கன்னு சந்தேகப்பட்டு அடிச்சே கொன்னாங்க. காரணம், வாட்ஸ்அப் வதந்தி.

அதனாலதான் பயிற்சி ரெண்டு பக்கமும் வேணும்.

✅ தன்னார்வலர்களுக்கு: கண் முன்னாடி ஜாமீனில் விட முடியாத கடுமையான குற்றம் நடந்தா மட்டும்தான் ஒருத்தரைப் பிடிச்சு வைக்கலாம். 6 மணி நேரத்துக்குள்ள போலீசில் ஒப்படைக்கணும்னு புதிய சட்டம் (பி.என்.எஸ்.எஸ்.) சொல்லுது. அடிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

✅ போலீசுக்கு: தகவல் சொன்னவர் பெயர் வெளிய போகக் கூடாது. விசாரணை அறைக்குள்ள தன்னார்வலருக்கு வேலை இல்ல. வாகன சோதனைக்கும் அனுப்பக் கூடாது.

✅ குழுவில்: பெண்கள், காலனி மக்கள், மலைவாழ் மக்கள் கட்டாயம் இருக்கணும். 2012-ல நத்தம் காலனி எரிஞ்ச மாவட்டம் இது. ஒரே சாதிக்காரங்க உக்காந்தா அது காவல் குழு இல்ல, கட்டப் பஞ்சாயத்து.

நம்ம மக்கள் காக்கியைப் பாத்தா தயங்குறாங்கன்னு குறை சொல்லாதீங்க. 1992-ல அரூர் பக்கம் வாச்சாத்தியில நடந்ததை மறக்க முடியுமா? வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைன்னு 269 பேரும் குற்றவாளிகள்னு 2011-லதான் தருமபுரி கோர்ட் சொல்லுச்சு. 2023-ல ஹைகோர்ட் உறுதி செஞ்சுது. இழந்த நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிக்கிறதுதான் இந்தக் குழுவோட முதல் வேலை.

குழந்தைத் திருமணம் நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சா 1098. ஆன்லைன்ல பணம் போனா உடனே 1930. அவசரத்துக்கு 112. இந்த மூணு நம்பரையும் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு போங்க. அதுக்கு எந்த அதிகாரமும் தேவையில்ல.

கடைசியா நமக்கும் ஒரு கண்டிஷன் தோழர்களே. குழுவுக்குள்ள போறப்போ கட்சித் துண்டைக் கழட்டி வச்சுட்டுப் போங்க. எதிர்க்கட்சிக்காரர் வீட்டுல திருடு போனாலும் முதல்ல ஓடுறது நீங்களா இருக்கணும்.