ஓர் ஆசிரியையின் இறுதி ஆண்டு



பாடசாலை ஆசிரியர் ஒருவர் இளைப்பாறுவது நாள்தோறும் நிகழும் செய்தி. வயது வந்துவிடுகின்றது. மாணவர் மாலை சூட்டுகின்றனர், வாழ்த்துப்பா படிக்கின்றனர், எல்லோரும் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொள்கின்றனர். மறுநாள் அவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பத்திரிகை படிக்கின்றார். அவருடைய வேலை போயிற்றே அன்றி வீடு போகவில்லை, சுற்றம் போகவில்லை.

ஆனால், விடுதிப் பாடசாலையிலே, அதுவும் பிற நாட்டிலிருந்து வந்து கற்பிக்கும் கிறிஸ்தவ விடுதிப் பாடசாலையிலே, நிலைமை வேறு. அங்கே ஆசிரியருக்குப் பாடசாலையே வீடு. பிள்ளைகளின் பாடத்தை மட்டுமன்றி, அவர்களுடைய பசியையும் காய்ச்சலையும் இரவுப் பயத்தையும் அவர் அறிவார். அத்தகைய ஓர் ஆசிரியர் தம் இறுதி ஆண்டைத் தொடங்கும்போது, தொழிலை மட்டுமன்றி உறைவிடத்தையும், ஒரு வகையில் குடும்பத்தையுமே விட்டுப் பிரிய ஆயத்தமாகின்றார்.

முசூரி மலையிலே 1854 ஆம் ஆண்டு தொடங்கிய வூட்ஸ்டாக் பாடசாலையிலும், கொடைக்கானலிலே 1901 ஆம் ஆண்டு தொடங்கி இன்று சர்வதேசப் பாடசாலையாக விளங்கும் நிலையத்திலும், ஒவ்வொரு கல்வி ஆண்டின் முதல் நாளும் எவரோ ஓர் ஆசிரியருக்கு இறுதி ஆண்டின் முதல் நாளாக அமைகின்றது. கொடைக்கானலுக்கும் நம் யாழ்ப்பாணத்துக்கும் பழைய உறவொன்று உண்டு. 1834 ஆம் ஆண்டு மதுரையிலே பணி தொடங்கிய அமெரிக்க மிசனார் யாழ்ப்பாணத்திலிருந்து சென்றவர்களே. அந்த மதுரை மிசனாரே 1845 ஆம் ஆண்டளவில் கொடைக்கானலிலே தம் முதல் வீடுகளைக் கட்டினர். ஆதலால், இத்தகைய ஆசிரியர் ஒருவரின் இறுதி ஆண்டை எண்ணிப் பார்க்க விரும்புவோர் மலைநாடுகளைத் தேடிப் போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து உடுவிலுக்கே போகலாம்.

உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையை 1824 ஆம் ஆண்டு தொடக்கியவர் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார். தமிழ் ஆங்கில அகராதியால் புகழ்பெற்ற மிரன் வின்ஸ்லோவின் மனைவியார் அவர். ஆசியாவிலே பெண்களுக்கென அமைந்த மிகப் பழைய விடுதிப் பாடசாலைகளுள் ஒன்று அது. அதன் தொடக்கத்தைப் பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. மிசன் வளவுக்குத் தையலும் எழுத்தும் பழக வந்துபோன சிறுமியர் இருவர், ஒரு மாலை பெருமழையில் அகப்பட்டுக்கொண்டனராம். வீடு திரும்ப வழியில்லை. பசியோ பொறுக்க முடியவில்லை. அம்மையார் வீட்டுச் சோற்றை உண்டு அங்கேயே துயின்றனராம். மறுநாள் பெற்றோர் வந்து, சோறிட்டவர்களே பிள்ளைகளை வைத்துக் கற்பிக்கட்டும் என்னும் கருத்துப்படச் சொல்லிச் சென்றனராம்.

இச்செய்தியில் ஒரு நுட்பம் உண்டு. விடுதிப் பாடசாலைப் பிள்ளை ஆசிரியருக்குச் சொந்தப் பிள்ளை அன்று. வேறொரு தாய் பெற்ற பிள்ளையை அவர் சில ஆண்டுகளுக்கு இரவலாகப் பெறுகின்றார். இரவலாகப் பெற்றதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், பழுதின்றிக் கொடுக்கவேண்டும், இயன்றால் மெருகேற்றிக் கொடுக்கவேண்டும். இந்தக் கணக்கு ஒவ்வொரு நாளும் எழுதப்படுவதாயினும், கூட்டிப் பார்க்கப்படுவது இறுதி ஆண்டிலேதான்.

உடுவிலிலே அத்தகைய கணக்கைக் கூட்டிப் பார்க்கும் காலம் எலிசா அக்னியூ அம்மையாருக்கு 1879 ஆம் ஆண்டு வந்தது. அப்பொழுது அவருக்கு வயது 72. நியூயோர்க் நகரிலே 1807 ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். அவரை இலங்கைக்கு அழைத்துவந்தது ஒரு பூமிசாத்திரப் பாடம் என்பர். எட்டு வயதுச் சிறுமியாக வகுப்பில் இருந்தபோது, ஆசிரியர் உலகப்படத்திலே மொரீசியசுத் தீவைக் காட்டினார். மிசன் பணிக்கெனக் கடல் கடந்து வந்து, 1812 ஆம் ஆண்டு பத்தொன்பதாவது வயதிலே மாண்ட ஹரியற் நியூவெல் என்னும் பெண் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பதை எடுத்துச் சொன்னார். அன்றே அச்சிறுமி தானும் கடல் கடந்து கற்பிக்கப் போவதென உறுதி பூண்டாள். வகுப்பறையில் ஆசிரியர் ஒருவர் சொன்ன சில வார்த்தைகள் எங்கே போய் முளைக்கும் என்பதை எவர் அறிவார்?

ஆயினும், பெற்றோர் உயிருடன் இருக்கும்வரை அவர் புறப்படவில்லை. அவர்களைப் பேணி, அவர்கள் மறைந்த பின்னரே, தமது 32 ஆவது வயதில், 1839 ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து பாய்க்கப்பலேறினார். சூயெசுக் கால்வாய் அப்பொழுது வெட்டப்படவில்லை. ஆபிரிக்காவைச் சுற்றிப் பல மாதங்கள் கடலில் கழித்து, 1840 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே யாழ்ப்பாணம் சேர்ந்தார். 1842 ஆம் ஆண்டு முதல் உடுவில் பாடசாலையின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அன்று தொட்டு 1879 வரை அவர் அப்பொறுப்பை விடவில்லை. தாய்நாட்டுக்கு ஒரு முறையேனும் திரும்பிப் போகவும் இல்லை. 1869 ஆம் ஆண்டு சூயெசுக் கால்வாய் திறந்த பின் பயணம் வெகுவாகக் குறுகிவிட்டது. அப்பொழுதும் அவர் போகவில்லை. போவதைப் பற்றி எண்ணுவதற்கு அவகாசம் இல்லை என்பதே அவருடைய விடையாக இருந்ததாம்.

அவர் பொறுப்பேற்ற காலத்திலே யாழ்ப்பாணத்துத் தகப்பன்மாருக்குப் பெண்கல்வியின் பயன் விளங்கவில்லை. எழுத்தறிந்த பெண்ணுக்கு வீட்டிலே என்ன வேலை என்று வினவினர். பிள்ளைகளை இடைநடுவில் அழைத்துச் செல்லாதிருக்க, படிப்பை முடிக்கும் பெண்ணுக்கு மிசனார் சிறியதொரு சீதனத் தொகை கொடுக்கும் வழக்கமும் இருந்தது. படிப்புக்கே சீதனம் கொடுக்க வேண்டியிருந்த காலம் அது!

1879 ஆம் ஆண்டு வகுப்பிலே அவர்முன் இருந்தவர்கள் யார்? அவருடைய முதல் மாணவியரின் மகள்மாரும், சிலரின் பேத்திகளும் இருந்தனர். அதாவது, தாங்கள் கற்ற வாங்கிலே தங்கள் பெண்களும் கற்கவேண்டுமென்று யாழ்ப்பாணத்துத் தாய்மாரே கைப்பிடித்து அழைத்து வந்து விட்டனர். அவர் கையில் கற்ற பெண்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் என்பர். அவர்களுள் பலர் கிராமப் பாடசாலைகளில் ஆசிரியைகளாயினர். கணக்கின் வரவுப் பக்கம் இது. நிறைந்த வரவே ஆகும்.

ஆனால், பற்றுப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். பகற் பாடசாலைக்குப் போகும் பிள்ளை மாலையில் வீடு திரும்புகின்றது. ஆசிரியர் ஒன்று சொன்னால் பாட்டி வேறொன்று சொல்வாள். இரண்டையும் கேட்டுப் பிள்ளை தானாக ஒரு முடிவுக்கு வரும். விடுதிப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. காலையும் மாலையும் அது ஒரே குரலையே கேட்கின்றது. சோறிடும் கையும், பாடம் சொல்லும் வாயும், செபம் சொல்லும் வாயும் ஒருவருடையனவாக இருக்கும்போது, அப்பிள்ளையின் மனம் எவ்வளவு தூரம் சுதந்திரமானது? படிப்பை முடித்து வெளியேறிய மாணவியருட் பெரும்பாலார் கிறிஸ்தவர்களாகவே வெளியேறினர் என்பதை மிசனார் பெருமையுடன் எழுதினர். அவர்களைத் தாங்கிய அமெரிக்கக் கொடையாளரின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. தாய் இட்ட பெயர் வீட்டோடு நின்றது. கடலுக்கப்பாலிருந்து வந்த பெயர் இடாப்பில் ஏறியது.

இதனையே எதிர்த்து ஆறுமுக நாவலர் அவர்கள் எழுந்தார். கல்வி வேண்டும், ஆனால் கல்விக்கு விலையாகச் சமயத்தைக் கொடுக்கலாகாது என்பது அவருடைய நிலை. வெறுமனே கண்டனம் செய்ததோடு அவர் நிற்கவில்லை. வண்ணார்பண்ணையிலே 1848 ஆம் ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாமே நிறுவினார். அக்னியூ அம்மையாரின் பணி முடிந்த அதே 1879 ஆம் ஆண்டின் திசெம்பர் மாதத்திலே நாவலர் மறைந்தார். ஒரே மண்ணிலே, ஒரே தலைமுறையிலே, எதிரெதிர்ப் பக்கங்களில் நின்ற இருவருடைய பணியும் ஒரே ஆண்டில் முடிவுற்றது. இருவரும் தத்தம் வாழ்நாளை முழுமையாகக் கல்விக்குக் கொடுத்தவர்கள். இருவரும் மணம் புரியாதவர்கள். பின்னர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் சைவப் பெண்பிள்ளைகளுக்கென 1913 ஆம் ஆண்டு விடுதிக் கல்லூரியொன்றை நிறுவியபோது, அதற்கு இடமாக அமைந்தது உடுவிலுக்கு அண்மையிலுள்ள மருதனார்மடமே. நாவலரின் கேள்வியும் அக்னியூ அம்மையாரின் முன்மாதிரியும் சேர்ந்தே அத்தகைய கல்லூரிகளுக்கு வழி திறந்தன எனலாம்.

அக்னியூ அம்மையாரை அவருடைய அன்பர்கள் ‘ஆயிரம் பெண்மக்களின் தாய்’ என்று அழைத்தனர். அழகிய பட்டமே. ஆனால், அந்த ஆயிரம் பெண்களுக்கும் பெற்ற தாய்மார் ஆயிரவர் இருந்தனர் என்பதையும் மறக்கலாகாது. உடுவில் படலையிலே பிள்ளையை விட்டுவிட்டு, ஒழுங்கையிலே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்த தாய்மாருக்கு எவரும் பட்டம் கொடுக்கவில்லை. அவர்கள் கொடுத்த இரவலினாலேயே அப்பாடசாலை வாழ்ந்தது.

இந்த இரவலை அம்மையார் எவ்வாறு திருப்பிக் கொடுத்தார்? 1855 ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த மிசன் தூதுக்குழுவினரின் கொள்கை மாற்றத்தின் பயனாக வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. உடுவிலிலும் ஆங்கிலக் கல்வி நின்று, தமிழே கல்வி மொழியாயிற்று. அதை ஒரு நட்டமாகக் கருதியோர் பலர். ஆனால், அதன் பயனாக உடுவிலில் கற்ற பெண் வீடு திரும்பியபோது, தாய்க்குக் கடிதம் வாசித்துக் காட்டவும், தம்பிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கவும், அயலாரின் பிள்ளைகளைத் திண்ணையில் இருத்திக் கற்பிக்கவும் வல்லவளாகத் திரும்பினாள். சமயம் மாறியிருக்கலாம், பெயரும் மாறியிருக்கலாம், ஊருக்கு அவள் அந்நியளாகிவிடவில்லை. அவள் பெற்ற பெண்ணே பின்னர் அதே படலையினூடாக நுழைந்தாள்.

இறுதி ஆண்டைத் தொடங்கும் ஆசிரியர் எவருக்கும் இரு சோதனைகள் உண்டு. ஒன்று, இனி என்ன என்னும் சோர்வு. விட்டுப் போகப் போகின்றவருக்குப் புதிய முயற்சி எதற்கு என்று மனம் சொல்லும். ஆனால், ஆசிரியருக்கு அது இறுதி ஆண்டாயினும், அன்று முதன்முதலாக ஏடு தொடக்கும் சிறுமிக்கு அது முதல் ஆண்டு. முப்பத்தேழு ஆண்டுக் களைப்பைச் சுமந்து வரும் ஆசிரியையைப் பெறுவதற்கு அவள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. முதல் ஆண்டு மாணவிக்குக் கொடுத்த கவனத்தைக் கடைசி ஆண்டு மாணவிக்கும் கொடுப்பதே நேர்மை.

மற்றச் சோதனை இதனினும் கடினமானது. தாம் இல்லாவிட்டால் பாடசாலை நடவாது என்னும் எண்ணம் அது. நெடுங்காலம் பணி செய்த நல்லாசிரியர்களையே அது பெரிதும் பற்றிக்கொள்கின்றது. விடுதியில் எந்தப் பிள்ளைக்கு எந்த நோய், எந்தத் தகப்பன் எப்பொழுது கோபிப்பான், பெட்டகத்தின் எந்தத் தட்டில் எந்தப் பத்திரம் என்பன யாவும் ஒருவர் தலையிலேயே இருந்தால், அவர் போகும்போது பாடசாலையும் பாதி போய்விடும். உடுவில் அவ்வாறு ஆகவில்லை. மிசன் குடும்பத்தைச் சேர்ந்த சூசன் ஹவ்லண்ட் அம்மையார் பொறுப்பை ஏற்றார். அவரும் அடுத்த நூற்றாண்டு வரை அதே பணியில் நிலைத்தார். இன்றும் உடுவில் மகளிர் கல்லூரி நடைபெறுகின்றது. அக்னியூ அம்மையார் இன்றியும் அது நடைபெறுவதே அவருக்குரிய பெரும் புகழாகும்.

இளைப்பாறிய பின்னரும் அவர் அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. திரும்பினால் அவரை அடையாளம் காண்போர் அங்கே மிகச் சிலராகவே இருந்திருப்பர். மானிப்பாயிலே, தமக்குப் பின் பணிக்கு வந்த லீச் சகோதரியரின் இல்லத்திலே தங்கினார். பக்கவாதத்தால் தளர்ந்து, 1883 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே அங்கேயே காலமானார். இரவலாகப் பெற்ற பிள்ளைகளைத் திருப்பிக் கொடுத்த ஆசிரியை, தம்மையே அந்த மண்ணுக்குக் கொடுத்துவிட்டார்.

இன்று சர்வதேச விடுதிப் பாடசாலையில் கற்பிப்போர் சில ஆண்டு ஒப்பந்தத்தில் வருகின்றனர், போகின்றனர். அவர்களிடம் முப்பத்தேழு ஆண்டுகளை எவரும் கேட்பதில்லை, கேட்பது முறையுமன்று. ஆயினும், இறுதி ஆண்டின் முதல் நாளன்று, பெட்டியும் கையுமாகப் படலையடியில் நிற்கும் புதிய பிள்ளையைக் காணும்போது, அதற்குச் சற்றுப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் தாயையும் அவர்கள் காணவேண்டும். அந்தத் தாய்க்குக் கணக்கொப்புவிக்க அவர்களுக்கு இன்னும் ஓராண்டு இருக்கின்றது.